சளி, காய்ச்சலுக்குச் சமையல் சோடா: குடிக்கலாமா, கொப்பளிக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து சளி, தொண்டை வலி, லேசான காய்ச்சல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது. 1918 ஃப்ளூவின்போது அமெரிக்க டாக்டர் ஒருவர் சமையல் சோடா கொடுத்தே நோயாளிகளைத் தேற்றினாராம். அரை டீஸ்பூன் சோடாவைத் தண்ணீரில் கரைத்து நாளைக்கு நாலைந்து தடவை குடித்தால் உடம்பு காரத்தன்மைக்கு மாறி வைரஸ் அழிந்துவிடுமாம். கொடுக்கலாமா? குடிக்கக் கூடாது என்றால் கொப்பளிக்கவாவது, ஆவி பிடிக்கிற தண்ணீரில் போடவாவது செய்யலாமா?

குடிக்கக் கொடுக்காதீர்கள். பிரஷர் இருப்பவருக்கு வேண்டவே வேண்டாம். கொப்பளிப்பதில் தவறில்லை. மூக்கு கழுவும் உப்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சேர்ப்பதும் சரியே, ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். ஆவியில் போடுவது வீண். இனி காரணங்களைப் பார்ப்போம். இந்த வதந்தி முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் நூறு வருடம் ஓடியிருக்காது. உள்ளே கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஓடுகிறது.

அதற்கு முன் பொட்டலத்தைப் பாருங்கள். ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று கடையில் கேட்பது எல்லாம் சோடியம் பைகார்பனேட்தான். பேக்கிங் பவுடர் வேறு: அதில் இதே சோடாவுடன் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். துணிக்குப் போடும் சலவை சோடா முற்றிலும் வேறு. அது சோடியம் கார்பனேட், தொண்டையைப் புண்ணாக்கிவிடும். லேபிள் இல்லாத டப்பாவில் வெள்ளைப் பொடி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

1918 கதைக்கு வருவோம். அந்த டாக்டர் கற்பனை ஆள் இல்லை. பெயர் வோல்னி செய்னி. 1918, 1919-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையோடு சேர்ந்து ஃப்ளூவை எதிர்த்து வேலை செய்ததாகவும், சோடாவால் உடம்பு நன்றாகக் காரமேறியவர்களுக்கு நோய் அபூர்வமாகவே வந்தது, வந்தாலும் லேசாகப் போனது என்று தன் கவனத்துக்கு வந்ததாகவும் அவர் எழுதினார். அது வெளியானது மருத்துவ இதழில் இல்லை. ஆர்ம் அண்ட் ஹாமர் சோடாவை விற்கும் சர்ச் அண்ட் டுவைட் நிறுவனம் 1924-இல் போட்ட, சோடாவின் மருத்துவப் பயன்களைச் சொல்லும் கையேட்டில் வந்தது. விற்பவனே அச்சடித்த சான்றிதழ். அதற்காகவே அது பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சான்று என்று எடுத்துக்கொள்ள அதில் எதுவுமே இல்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தார், கொடுக்காதவர்கள் எத்தனை பேர், இரு பக்கத்திலும் யார் யார் செத்தார்கள் என்ற கணக்கு எதுவும் கிடையாது.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ் என்பதே அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பைஃபர் என்பவர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். மனித ஃப்ளூ வைரஸை லண்டனில் பிரித்தெடுத்தது 1933-இல்தான். உலகமெங்கும் கோடிக்கணக்கில் உயிரைக் கொண்டுபோன நோய் என்றாலும், அமெரிக்காவில் அது கண்டவர்களில் பெரும்பான்மையோர் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோடா கொடுத்த டாக்டருக்குச் சோடா பலித்தது, பட்டினி போட்ட டாக்டருக்குப் பட்டினி பலித்தது. தானாக ஆறும் நோயில் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைக்கும். நம் வீட்டுச் சளிக்கும் இதே கணக்குதான்: மூன்றாம் நாள் குடிக்க ஆரம்பித்தது ஐந்தாம் நாள் ‘கேட்டது’ என்றால், ஐந்தாம் நாள் எப்படியும் குறையத்தான் போகிறது.

சோடாவைக் குடித்தால் உள்ளே என்ன நடக்கிறது? இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. சோடா அதனோடு சேர்ந்ததும் சாதாரண உப்பாகவும் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். வாயுதான் ஏப்பமாக வருகிறது. ஈனோ குடித்தால் நெஞ்செரிச்சல் அடங்குவதும் இதனால்தான். அதிலும் இருப்பது இதே பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும். இரைப்பையில் தீராமல் மிஞ்சுவது ரத்தத்துக்குப் போகும். ஆனால் ரத்தத்தின் பி.எச். (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் மட்டுமே நிற்க வேண்டும். அதை விட்டு நகராமல் நுரையீரலும் சிறுநீரகமும் ராப்பகலாகக் காவல் காக்கின்றன. சோடா கூடினால் சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். பி.எச். தாளைச் சிறுநீரில் நனைத்து ‘பாருங்கள், உடம்பு காரமாகிவிட்டது’ என்று வீடியோ போடுகிறார்களே, அந்தத் தாள் காட்டுவது உடம்பு வேண்டாம் என்று கொட்டியதைத்தான்.

வைரஸ் ரத்தத்தில் நீந்திக்கொண்டிருப்பதும் இல்லை. சளி, ஃப்ளூ வைரஸ்கள் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்தோல் செல்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. குடித்த சோடா அந்த இடத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

இதையே கொஞ்சம் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள், அந்த வாதத்தையும் பார்த்துவிடலாம். ஃப்ளூ வைரஸைச் செல் ஒரு சின்னப் பைக்குள் வாங்கிக்கொள்கிறது. பிறகு அந்தப் பையின் உட்புறம் அமிலமாகிறது. பி.எச். 5, 5.5 அளவுக்கு இறங்கியதும் வைரஸின் மேல் இருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் சுவரோடு ஒட்டவைத்து, உள்ளிருக்கும் மரபுப்பொருளைச் செல்லுக்குள் விட்டுவிடுகிறது. அமிலம் இல்லாவிட்டால் வைரஸ் பையிலேயே மாட்டிக்கொள்ளும். இது பாடப்புத்தக உண்மை. ‘ஆகவே சோடா குடி’ என்பதுதான் தாவல். அந்தப் பைக்குள் அமிலத்தை இறக்குவது செல்லின் சொந்த பம்புகள். ரத்தத்தில் சோடா கொஞ்சம் கூடினால் அவை நின்றுவிடாது.

அந்தப் பைக்குள்ளேயே போய் உட்கார்ந்து அமிலத்தைக் குறைக்கக்கூடிய மருந்துகள் நிஜமாகவே உண்டு: குளோரோகுவின், ஹைட்ராக்சி குளோரோகுவின். சோதனைக் குழாயில் கொரோனா வைரஸை அவை நன்றாகத் தடுத்தன. 2020-இல் உலகமே அவற்றின் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் மரணத்தை ஹைட்ராக்சி குளோரோகுவின் குறைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. குறிபார்த்து உள்ளே போகும் மருந்துக்கே அந்தக் கதி.

இன்னொன்று எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சாதாரண ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ். அது அமிலத்தில் செத்துப்போகும் வைரஸ். அதன் உறவுக்கார என்டெரோவைரஸ்கள் இரைப்பை அமிலத்தையே தாண்டிக் குடலுக்குப் போகும், ரைனோ தாங்காது. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தச் சோதனையைத்தான் பல காலம் பயன்படுத்தினார்கள். சிட்ரிக் அமிலம் தடவிய, வைரஸைக் கொல்லும் மூக்குத் துடைக்கும் காகிதம்கூட அமெரிக்காவில் விற்றார்கள். ஆக, உடம்பைக் காரமாக்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், ஜலதோஷக் கிருமிக்கு அது விருந்தோம்பல்தான்.

2020 மார்ச், ஏப்ரலில் சுற்றிய பட்டியலையும் பார்த்திருப்பீர்கள். கொரோனா வைரஸின் பி.எச். 5.5 முதல் 8.5 வரை, அதைவிட அதிகமான பொருளைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, எலுமிச்சை 9.9, அவகாடோ 15.6, டேன்டிலயன் கீரை 22.7 என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பி.எச். அளவுகோல் 14-இல் முடிகிறது; எலுமிச்சை நல்ல அமிலம், பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். ஆதாரமாகக் காட்டிய 1991 ஆய்வு எலிகளுக்கு ஈரல் அழற்சி தரும் ஒரு கொரோனா வைரஸைப் பற்றியது. அதே சமயம் இன்னொரு செய்தி: இஸ்ரேலில் எல்லோரும் எலுமிச்சையும் சோடாவும் குடிப்பதால் அங்கே ஒரு சாவுகூட இல்லையாம். இஸ்ரேலில் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 20 அன்றே நடந்துவிட்டது. அது போகட்டும், எலுமிச்சைச் சாற்றையும் சோடாவையும் ஒரே டம்ளரில் கலந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு நுரைதானே மிஞ்சும்?

பயன் இல்லை, சரி. குடித்தால் என்ன கெடுதல்? முதலாவது சோடியம். அரை டீஸ்பூன் சோடாவில் சுமார் 630 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பு நாளுக்கு 2,000 மில்லிகிராம். அந்த 1924 கையேடு ஜலதோஷத்துக்குச் சொல்லும் முறை முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை டீஸ்பூன், மொத்தம் ஆறு வேளை. கணக்குப் போட்டால் 3,780 மில்லிகிராம். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதற்கு மேல். அப்பாவின் பிரஷருக்கும், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கும் இது விளையாட்டில்லை. கால் வீக்கமும் மூச்சு வாங்கலும் வந்தால், அது சளியாலா சோடாவாலா என்று டாக்டரும் சேர்ந்து குழம்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது பொட்டாசியம். சோடா அதிகமானால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதையாசைடு மாதிரி நீர் பிரியவைக்கும் மருந்தும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் தசை பலவீனம், இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அளவு மீறிக் குடித்து ரத்தம் நிஜமாகவே காரமேறி, வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே சோடாவைக் குடித்து, திடீரென்று கிளம்பிய வாயுவில் இரைப்பை கிழிந்த சம்பவங்களும் உண்டு. அபூர்வம்தான். ஆனாலும் வயிறு நிறைந்திருக்கும்போது சாப்பிடாதீர்கள் என்று அமெரிக்கப் பெட்டிகளில் எச்சரிக்கை போட்டிருப்பது சும்மா இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மாத்திரையின் மேல் பூச்சு இரைப்பையில் கரையாமல் குடலில் கரைவதற்காகப் போட்டது. சோடா இரைப்பை அமிலத்தைத் தீர்த்துவிட்டால் பூச்சு அங்கேயே கரைந்துவிடும்.

உங்கள் வீட்டிலேயே யாராவது சிறுநீரக டாக்டர் எழுதிக்கொடுத்துச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அங்கே சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் அமிலம் தேங்குகிறது, ரத்தப் பரிசோதனை பார்த்து அளவோடு கொடுக்கிறார்கள். ‘ஐசியுவில் எங்கள் மாமாவுக்குப் பைகார்ப் ஏற்றினார்களே’ என்பவர்களுக்கும் இதே பதில். ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்குப் போனபோது போடுவது அது. அங்கேயும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பிரான்ஸில் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ரத்த பி.எச். 7.20-க்குக் கீழே போன நோயாளிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் உயிர் பிழைப்பதில் தெளிவான வித்தியாசம் இல்லை; சிறுநீரகமும் கெட்டிருந்தவர்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது.

இனி சோடா உதவக்கூடிய இடம். அது படுகிற இடத்தில் வேலை செய்யும் பொருள். அதனால் தொண்டைக்கும் மூக்குக்கும் வருகிறேன்.

கொப்பளிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சோடாவும் அதில் பாதி உப்பும் போதும். புற்றுநோய் சிகிச்சையில் வாய்ப்புண் வருபவர்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு இதுதான். புண்பட்ட சவ்வை எரிக்காது, கெட்டியான எச்சிலைக் கொஞ்சம் இளக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு சோடாவைப் போடுங்கள். சோடாவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பொங்கிப் பொங்கி வாயு வெளியேறி, பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறும், அதாவது மேலே சொன்ன சலவை சோடாவாக. நாக்கில் வழவழப்பும் எரிச்சலும் தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம், கொப்பளித்ததை விழுங்காமல் துப்ப வேண்டும்.

இது வைரஸைக் கொல்லுமா? கொல்லும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கொப்பளிப்பதால் பயன் உண்டா என்றால், ஜப்பானில் 387 பேரை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வெறும் தண்ணீரில் தினமும் கொப்பளித்தவர்களுக்குச் சளித் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. வேலை செய்தது தண்ணீர். சோடா தருவது இதம் மட்டுமே.

மூக்கு கழுவுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 66 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், அடர்த்தியான உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவிக் கொப்பளித்தவர்களுக்குச் சளி கிட்டத்தட்ட இரண்டு நாள் முன்னதாகவே விட்டது. 2024-இல் பிரிட்டனில் 13,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு வெளியானது: சளி ஆரம்பிக்கும்போதே உப்புநீர் ஸ்பிரே போட்டுக்கொண்டவர்கள் ஆறு மாதத்தில் நோயோடு கிடந்தது சராசரியாக 6 நாள் சொச்சம், மற்றவர்கள் 8 நாளுக்கு மேல். சோடாவை நேரடியாகப் பார்த்த ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா நகரில், கொரோனா உறுதியான 55 வயதுக்கு மேற்பட்ட 79 பேரைத் தினமும் இரண்டு தடவை மூக்கு கழுவச் சொன்னார்கள். பாதிப் பேருடைய உப்புநீரில் அயோடின் மருந்து, மீதிப் பேருக்குச் சோடா. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தவர்கள் மிகக் குறைவு. அயோடினுக்கும் சோடாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கழுவாத ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நாட்டின் பொதுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டதால், இதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. எனக்குத் தோன்றுவது, இங்கேயும் பெரும்பங்கு கழுவுதலுக்குத்தான்.

செய்முறை: அயோடின் சேர்க்காத உப்பு மூன்று டீஸ்பூன், சோடா ஒரு டீஸ்பூன் கலந்து மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கலவையில் ஒரு டீஸ்பூனை 240 மில்லி தண்ணீரில் கரையுங்கள். எரிந்தால் கலவையைக் குறையுங்கள். சோடா சேர்ப்பது உப்பின் எரிச்சலைத் தணிக்கத்தான். தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ டிஸ்டில்டு தண்ணீராகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர் எதுவும் நேராக மூக்குக்குள் போகக் கூடாது. கேரளத்தில் 2024-லும் அடுத்த வருடமும் செய்திகளில் அடிபட்ட மூளை அமீபா நோய்களில் ஒன்றான நெக்லேரியா, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் அதில் இறந்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தால் அந்த அமீபா ஒன்றும் செய்யாது, மூக்கில் போனால் உயிருக்கு ஆபத்து.

ஆவி பிடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. சோடா ஆவியாகாது. தண்ணீர் மட்டும் மேலே வரும், சோடா பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும். அம்மாவுக்குத் திருப்தி வேண்டுமானால் நொச்சி இலையைப் போடச் சொல்லுங்கள், வாசனையாவது வரும். குழந்தைகள் பக்கத்தில் கொதிக்கும் பாத்திரத்தை வைக்காதீர்கள்.

நெபுலைசரில் சோடாவைக் கரைத்து ஊற்றலாம் என்றும் வீடியோக்கள் சுற்றுகின்றன. குளோரின் வாயுவை சுவாசித்தவர்களுக்கு மருத்துவமனையில் பைகார்பனேட்டை நெபுலைசரில் கொடுப்பது உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் சளி கோந்தாக இறுகுவதற்குப் பைகார்பனேட் சரியாகச் சுரக்காததும் ஒரு காரணம் என்பதால், அந்தப் பக்கம் ஆராய்ச்சி நடக்கிறது. கொரோனா காலத்தில் எகிப்தில் ஒரு குழு செய்தும் பார்த்தது. அவர்கள் பயன்படுத்தியது ஊசி மருந்துத் தரத்தில் சுத்தமாக்கிய கரைசல். பஜ்ஜி மாவுக்குப் போடும் பொடியைக் கரைத்து நுரையீரலுக்குள் அனுப்பினால் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளலாம், கிருமியும் கூடவே போகும்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தேவையான அளவு தண்ணீர், கஞ்சி, ரசம், ஓய்வு. தண்ணீரில் பொங்கிக் கரையும் பாராசிட்டமால் மாத்திரையைத் தவிருங்கள். அது பொங்குவதே பைகார்பனேட்டால், சோடியம் நிறைய. மூக்கடைப்புக்கு என்று கடையில் கொடுக்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை, சிரப்புகள் பிரஷரை ஏற்றும். அவருக்குப் பிரஷர் இருப்பதைச் சொல்லி வாங்குங்கள். ஃப்ளூவாக இருந்தால் ஓசல்டாமிவிர் என்ற நிஜமான வைரஸ் மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். நேற்றுதான் ஆரம்பித்தது என்கிறீர்கள், வயது 65-க்கு மேல். அதனால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இடையில் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சில் தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா வரும்போது காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் முதலில் தெரிவதும் உண்டு.